கடைசித் திருப்பம்

பலகையைப் பார்க்கத்தான் செய்தேன்.
'அமெரிக்காவின் கடைசித் திருப்பம்' என்று
பனி பாதி தின்ற பச்சைப் பலகை.
வைப்பர் ஒருமுறை வழித்து
மறுமுறை வழிப்பதற்குள்
திருப்பம் எனக்குப் பின்னால் போய்விட்டது.

தம்பி தௌனோவின் வீடு அங்கேதான்.
வாசல் விளக்கை எரியவிட்டிருப்பான்.
நானோ பாலத்தின் மேல்.
பாலத்தில் யாரும் வண்டியைத் திருப்ப முடியாது.
கீழே, இரும்புத்தாது ஏற்றிய கப்பலொன்று
மதகுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது,
வெந்நீர்த் தொட்டியில் பருத்த மனிதர்
மெல்ல அமர்வதுபோல.

பின்னிருக்கையில் நாயின் போர்வை.
போர்வைக்கடியில் மூன்று.
மானுக்கு ஒன்று.
வாத்துக்கு ஒன்று, அப்பா விட்டுப்போனது.
மூன்றாவது கைத்துப்பாக்கி.
தோட்டாக்கள் தனியே, மாவு டப்பாவில்.
எல்லாம் முறைப்படி வாங்கியவை,
எங்கள் கவுன்டியில் இதற்கு
யாரும் புருவம்கூடத் தூக்கமாட்டார்கள்.

நடுப்பாலத்தில் இரண்டு கொடிகள்.
முதல் கொடிவரை நான்
தன் பொருளைத் தன் வண்டியில் வைத்திருக்கும் பெண்.
அடுத்த கொடியில் வேறு யாரோ.
அதே போர்வை, அதே நாய்வாடை,
ரேடியோவில் அதே வானிலை அறிக்கை
பாதி வாக்கியத்தில் இருந்தது.

கூண்டில் இருந்தவர் பெயர் போத்ரி.
சளி பிடித்த மூக்கு, இளவயது.
'ஆயுதம் ஏதாவது?'
பொய்யே சொல்லாதவள் இல்லை நான்.
கோழித்தீவனம் வாங்கிவருகிறேன் என்று
வெண்டெல்லிடம் மதியம்தான் சொன்னேன்.
'மூன்று' என்றேன்.

பிறகு ஓர் அறை. அளவுக்கு மீறிய சூடு.
'எங்கே போகிறீர்கள்?'
'கனடாவுக்கு இல்லை.'
'எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்' என்றபடி
படிவத்தைத் தள்ளினார்.
ஆயுதம் எதற்காக: வேட்டை, போட்டி, இடமாற்றம், மற்றவை.
மற்றவைக்கு எதிரே
சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு.

அந்தக் கோட்டில் எதை எழுத?
மர ஆலையைப் பூட்டியதையா?
செவ்வாய் இரவு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே
'இந்தக் குளிர்காலத்தைத் தாண்ட உத்தேசமில்லை' என்று
அவன் சொன்னதையா?
சொல்லிவிட்டு உப்பு கேட்டதையா?
நான் உப்பை எடுத்துக் கொடுத்ததையா?

'வீட்டில் இருக்கக்கூடாது' என்று எழுதினேன்.
போத்ரி வாசித்தார்.
இன்னொருமுறை வாசித்தார்.
மூக்கைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி,
இரண்டு வழி உண்டு என்றார்.
இவற்றோடு உங்களைத் திருப்பி அனுப்பலாம்.
அல்லது இங்கேயே நீங்கள் கைவிடலாம்,
அதற்கும் ஒரு தாள் இருக்கிறது.

'கைவிட்டால்?'
'திரும்பக் கேட்க முடியாது.'
'நானா?'
'யாருமே.'
'என் கணவர் இங்கே வந்து நின்றால்?'
'நின்றாலும்.'

அவனைக் கைவிடு, கைவிடு என்று
என் அக்கா எத்தனை முறை சொல்லியிருப்பாள்.
அந்தத் தாளில் அதே சொல்,
கீழே கையெழுத்துக்கு இடம்.

வாத்துத் துப்பாக்கியின் கட்டையில்
அப்பாவின் கன்னம் தேய்த்த பளபளப்பு.
'அதை மட்டும்' என்று ஆரம்பித்தேன்.
போத்ரி காத்திருந்தார்.
நான் முடிக்கவில்லை.
பேனாவில் மை வரவில்லை, உதறி எழுதினேன்.
மாவு டப்பாவையும் எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பும் பாலம் நீளம் குறைவு.
இந்தப்பக்கக் கூண்டில் ஒரு கிழவர்:
'கனடாவில் எவ்வளவு நேரம்?'
'ஒன்றரை மணி.'
'ஏதாவது கொண்டுவருகிறீர்களா?'
'ஒரு ரசீது.'
சிரித்து அனுப்பிவிட்டார்.

தௌனோவின் விளக்கு தெரிந்தது. நிற்கவில்லை.
தீவனக் கடையை ஆறு மணிக்கு அடைத்துவிடுவார்கள்,
ஐந்து நாற்பது.
பனி விட்டிருந்தது.
ஒரு மூட்டையாவது வாங்கிக்கொண்டு போகவேண்டும்,
சொன்ன பொய் பொய்யாகிவிடாமல்.